பாஸ் நீரிணையில் மறைந்த செஸ்னா

1978 அக்டோபர் 21, சனிக்கிழமை. மாலை 6.19 மணிக்கு மெல்போர்ன் நகரின் மூராபின் விமான நிலையத்திலிருந்து ஒரு செஸ்னா 182எல் கிளம்பியது. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கைகள், கூரைமேல் வைத்தாற்போன்ற இறக்கை. உள்ளே இருந்தவர் ஒருவரே: 20 வயது பிரெடெரிக் வாலண்டிச். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையே கிடக்கும் பாஸ் நீரிணையின் மேற்கு வாயிலில் உள்ள கிங் தீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். நேர்க்கோட்டில் சுமார் 235 கிலோமீட்டர். கரையை ஒட்டித் தென்மேற்காகப் பறந்து, 7 மணிக்கு ஆட்வே முனையை அடைந்துவிட்டதாக வானொலியில் தெரிவித்தார். அதற்கு அப்பால் கடல்தான்.

7.06 மணிக்கு மறுபடி கூப்பிட்டார். 5,000 அடிக்குக் கீழே வேறு விமானம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் அறிந்து எதுவும் இல்லை என்று மெல்போர்னிலிருந்து பதில் வந்தது. பெரிய விமானம்போல ஒன்று தெரிகிறது, நான்கு பிரகாசமான விளக்குகள் இருக்கின்றன, தனக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் கடந்து போனது என்றார். பிறகு அது தன்னோடு விளையாடுவதுபோல் இருக்கிறது என்றார். பளபளக்கும் உலோகம், பச்சை வெளிச்சம் என்று வர்ணித்தார். தான் வட்டமடிப்பதாகவும், அதுவும் தன் தலைக்கு மேலேயே வட்டமடிப்பதாகவும் சொன்னார். எஞ்சின் சீராக ஓடவில்லை என்றார். கடைசியாக, அது விமானமே இல்லை என்றார். அவர் பேச்சு நின்றபின் ஒலிவாங்கி திறந்தே இருந்தது. உலோகம் உரசுவதுபோன்ற ஓசை 17 விநாடி கேட்டது. அத்தோடு முடிந்தது. 7.12 மணிக்குப் பிறகு அவரையோ அந்த விமானத்தையோ யாரும் பார்க்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் இந்தச் சம்பவத்தை உலகம் பறக்கும் தட்டுக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆறு நிமிட உரையாடலை மட்டும் கேட்டுவிட்டு மற்றதையெல்லாம் மறந்தால்தான் அப்படி ஒரு முடிவுக்கு வர முடியும். அவர் எதைப் பார்த்தார் என்பது ஒரு கேள்வி. விமானம் ஏன் விழுந்தது என்பது வேறொன்று. விழுந்தது ஏன் கிடைக்கவில்லை என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு அதற்கு மர்மம் என்று பெயர் வைத்துவிட்டோம். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றையும் பற்றி இயற்பியலும் உடலியலும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

விழுந்த காரணத்திலிருந்து தொடங்கலாம்.

நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதை மூளைக்குச் சொல்வது மூன்று: கண், உட்செவி, தசைகளிலும் தோலிலும் உணரும் அழுத்தம். தரையில் இவை ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன, அவற்றுள் திரவம். தலை திரும்பினால் குழலும் திரும்பும், திரவமோ சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாடு குழலுக்குள் இருக்கும் நுண்மயிர்களை வளைக்க, திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. தண்ணீர் நிறைந்த செம்பைக் கையில் வைத்துச் சுழற்றினால் முதலில் செம்பு மட்டும் சுற்றும், சற்று நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றத் தொடங்கும் அல்லவா, காதுக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஒரே வேகத்தில் பத்திருபது விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் குழலை எட்டிப் பிடித்துவிடும். நுண்மயிர் நிமிர்ந்துவிடும். விமானம் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருக்கும். மூளையோ நேராகப் போவதாக நம்பும்.

திருப்பம் மிக மெதுவாகத் தொடங்கினால் இதைவிட மோசம். விநாடிக்கு ஓரிரு பாகைக்கும் குறைவான மாற்றத்தை உட்செவி உணர்வதே இல்லை. இருக்கையில் அழுந்தும் உடலாவது காட்டிக்கொடுக்குமா? கொடுக்காது. இறக்கை சாய்ந்து ஒழுங்காகத் திரும்பும் விமானத்தில், புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து உடலை நேராக இருக்கையின் அடிப்பக்கமாகவே அழுத்தும். மடியில் வைத்த காகிதம்கூடச் சரியாது. மிச்சம் இருப்பது கண்தான். கண்ணுக்கு ஓர் அடிவானம் வேண்டும்.

அடிவானம் தெரியாதபோது என்ன ஆகும் என்பதை 1954-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரைப் பறக்கும்போதே வெளியே பார்க்க முடியாதபடி செய்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். 19 பேர் சுருளாகக் கீழிறங்கும் பாதையில் விழுந்தார்கள். ஒருவருக்கு இறக்கையின் தூக்குவிசை அற்றுப்போனது. சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். இந்த 178 என்ற எண் இன்றும் விமானப் பயிற்சி வகுப்புகளில் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது.

அந்தச் சுருள் பாதையின் கொடுமை இது. இறக்கை சாய்ந்தால் தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். விமானம் இறங்கும், வேகம் கூடும். உயரமானியின் முள் இறங்குவதை விமானி பார்க்கிறார். தான் நேராகத்தான் பறக்கிறோம் என்று அவர் உடல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூக்கை உயர்த்தக் கட்டுப்பாட்டுப் பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் விமானம் ஏறாது. வட்டம் இன்னும் குறுகும், இறக்கம் இன்னும் விரையும். முதலில் இறக்கையை நிமிர்த்த வேண்டும், பிறகே இழுக்க வேண்டும். உயிர் பிழைக்க எடுக்கும் இயல்பான முயற்சியே இங்கு ஆளைக் கொல்கிறது.

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடியின் மகன் மனைவியுடனும் மனைவியின் அக்காளுடனும் தம் பைப்பர் சரடோகாவில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிக் கடல்மேல் பறந்தார். மூட்டமான இரவு. கீழே விளக்கில்லாக் கடல். திசை உணர்வு குலைந்து இருட்டில் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கடைசிக் கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியது. வாலண்டிச் பறந்த உயரம் 4,500 அடி.

அவருக்கு அதுவரை மொத்தம் சுமார் 150 மணிநேரப் பறப்பனுபவம். இரவில் பறக்க அனுமதி இருந்தது, ஆனால் வெளியே தெளிவாகத் தெரியும் வானிலையில் மட்டும். அன்று வானம் தெளிவாக இருந்தது, காற்றும் லேசுதான். பிறகு எப்படி என்று கேட்கலாம். சூரியன் மறைந்து அரை மணிக்கும் குறைவான நேரம் அது. தெற்கு நோக்கிப் போகிறவருக்கு வலப்பக்க வானம் இன்னும் வெளிறியிருக்கும், இடப்பக்கம் இருண்டிருக்கும். கீழே கடலில் ஒரு புள்ளி வெளிச்சம் கிடையாது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை அடிவானமாக எடுத்துக்கொண்டால் அது சாய்வான கோடு. விமானத்தை அதற்கு இணையாக வைத்தால் இறக்கை சாய்ந்துவிடும். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பெரும்பாலும் அவர் கருவிகளைப் பார்த்திருக்க மாட்டார். தலையை நிமிர்த்தி, திருப்பி, மேலே ஒரு வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். திரும்பும் விமானத்தில் தலையை வேகமாக ஆட்டினால் மூன்று குழல்களின் திரவமும் ஒருசேரக் குழம்பும், உலகமே புரள்வதுபோலிருக்கும்.

2013-இல் ஓய்வுபெற்ற அமெரிக்க விமானப்படை விமானியும் வானியலாளருமான ஜேம்ஸ் மெக்காகாவும் ஆய்வாளர் ஜோ நிக்கலும் இந்த விளக்கத்தைத்தான் முன்வைத்தார்கள். அன்றைய வானத்தைக் கணினியில் மீட்டெடுத்து, அவர் கண்ட நான்கு ஒளிகள் வெள்ளி, செவ்வாய், புதன், கேட்டை நட்சத்திரம் ஆகியவையே என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு ஏற்பானது சுருள் பாதைதான். தான் வட்டமடிப்பதாகவும் அந்தப் பொருளும் மேலே வட்டமடிப்பதாகவும் வாலண்டிச் சொன்னதை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வட்டமடிக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் வானத்தில் அசையாமல் நிற்கும் எதுவும் நம்மைச் சுற்றுவதாகவே தெரியும். வட்டம் அவருடையது.

அந்த நான்கு ஒளிகளின் அடையாளம் அவ்வளவு உறுதியாகப் படவில்லை. மேலே கடந்துபோனது என்று ஆரம்பத்தில் அவர் சொன்னதை அது முழுவதும் விளக்கவில்லை. ஆனாலும் இருட்டில் தனி ஒளி ஒன்றைப் பார்க்கும் கண்ணை நம்பவே கூடாது என்பதில் சந்தேகமில்லை. இருண்ட அறையில் ஒரே ஒரு சிறு விளக்கைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். அசையாத அந்த ஒளி மெல்ல நகரத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எதுவும் இல்லாததால் கண்ணின் சிறு அசைவுகளை மூளை ஒளியின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. தூரமும் அளவும்கூட அப்படித்தான்; பின்னணி இல்லாத வானத்தில் எது பக்கத்தில், எது கோடி மைலுக்கு அப்பால் என்று சொல்லக் கண்ணிடம் எந்த அளவுகோலும் இல்லை. எதிர்பார்ப்பு வேறு அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பறக்கும் தட்டுகளில் வாலண்டிச்சுக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது என்று அவருடைய தந்தையே சொல்லியிருக்கிறார்.

எஞ்சின் தடுமாறியதாக அவர் சொன்னதை இந்த விவாதங்கள் எளிதாகக் கடந்துவிடுகின்றன. அந்த வகைச் செஸ்னாவின் எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். ஈரமான காற்று அதன் குறுகிய கழுத்தில் விரையும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை இருபது பாகைவரை சரியும்; வெளியே குளிரே இல்லாதபோதும் உள்ளே பனி கட்டும். பனி கட்டினால் எஞ்சின் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு ஓயும். கடல்மேல் மாலைக் காற்று அதற்கு ஏற்ற இடம். சுருள் பாதையின் கூடுதல் விசையால் எரிபொருள் ஓட்டம் குறைந்திருக்கலாம் என்று மெக்காகாவும் நிக்கலும் கருதினார்கள். எதுவாயினும், தலைக்கு மேலே ஓர் ஒளி, எதிரே முரண்டும் எஞ்சின், காதில் மெல்போர்னின் கேள்விகள் என்று மூன்று பக்கம் கவனம் சிதறிய இளைஞர் அவர். செயற்கை அடிவானம் காட்டும் கருவி அவருக்கு எதிரே, கண்ணெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வாலண்டிச் தானே நாடகமாடி மறைந்துபோனார் என்று ஒரு கதையும் உண்டு. விமானத்தில் மேலும் 800 கிலோமீட்டர் பறக்க எரிபொருள் இருந்தது. கிங் தீவுக்குப் போவதற்கு அவர் சொன்ன காரணங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்த ஐயங்கள் நியாயமானவை. ஆனால் 1983-இல் நீரிணையின் கிழக்கு முனையிலுள்ள ஃபிளிண்டர்ஸ் தீவில், எஞ்சினுக்குக் காற்று விடும் சிறு மூடித் தகடு ஒன்று கரை ஒதுங்கியது. செஸ்னா 182 விமானத்தினுடையது. எந்தெந்த வரிசை எண் விமானங்களுக்கு அந்தத் தகடு பொருத்தப்பட்டதோ அவற்றுள் வாலண்டிச்சின் விமானமும் ஒன்று. நீரிணையில் மேற்கிலிருந்து கிழக்கே அடித்துச் செல்லும் நீரோட்டத்துக்கும் அது பொருந்துகிறது. அது அவருடைய விமானத்தின் தகடேதான் என்று அடித்துச் சொல்ல இது போதாது. ஆனாலும் நாடகக் கதையைவிட அந்தத் தகடு எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இனி, ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு வருவோம். மக்கள் அதிகம் வியப்பது இதற்குத்தான். உண்மையில் வியப்பதற்குக் குறைவான இடமும் இதுதான்.

ராடார் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். பூமியோ வளைந்தது. 4,500 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தரைமட்டத்திலிருக்கும் ராடார் சுமார் 150 கிலோமீட்டர்வரைதான் காண முடியும். அதற்கு மேல் விமானம் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆட்வே முனை மூராபினிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மெல்போர்னில் அவருடன் பேசியவர் முன்னால் இருந்தது வானொலி மட்டுமே. கென்னடியின் மகன் விழுந்த இடத்தைச் சில நாட்களில் 35 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், கடைசி வளைவுகள்வரை ராடாரில் பதிவாகியிருந்ததுதான். அந்தப் பதிவு இல்லையென்றால் அதுவும் இன்றுவரை மர்மப் பட்டியலில் இருந்திருக்கும்.

பதிவு இல்லாதபோது தேடும் பரப்பு எப்படிப் பெருகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 4 கிலோமீட்டர். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து 10 நிமிடம் எந்தத் திசையிலும் போயிருக்கலாம் என்றால் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் தேட வேண்டும். அதுவே 30 நிமிடமானால் 45,000. நேரம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. அன்று தேடியவர்கள் சுமார் 2,600 சதுர கிலோமீட்டர் கடலை அலசினார்கள். ஓர் எண்ணெய்ப் படலம் தென்பட்டது. அது விமான எரிபொருள் இல்லை என்று தெரிந்தது. அக்டோபர் 25 அன்று தேடல் நிறுத்தப்பட்டது. அலுமினியம் மூழ்கும். மிதப்பது இருக்கைப் பஞ்சும் சக்கரமும் காகிதமும்தான். அவற்றை இரவெல்லாம் நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும். விமானப் பெட்ரோலோ நீர்ப்பரப்பில் விரைவில் ஆவியாகிவிடும்.

கடல் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1972 அக்டோபர் 16 அன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் ஆகியோருடன் அலாஸ்காவில் பறந்த செஸ்னா 310-ஐ 39 நாள் தேடியும் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. 1981 ஆகஸ்ட் 9 இரவு, ஐந்து பேருடன் சிட்னி நோக்கி வந்த ஒரு செஸ்னா 210, புயல்காற்றிலும் பனியிலும் கருவிகள் செயலிழந்து பாரிங்டன் மலைக்காட்டுக்கு மேலே மறைந்தது. அந்தக் காட்டில் இன்னும் தேடுகிறார்கள். 2007 செப்டம்பர் 3 காலை நெவாடாவிலிருந்து கிளம்பிய சாகசப் பறப்பாளர் ஸ்டீவ் ஃபாசெட்டைத் தேடியது இன்னும் வியப்பானது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே செயற்கைக்கோள் படங்களைத் துழாவினார்கள். வானிலிருந்து தேடியவர்கள் அவர் விமானத்தைக் காணவில்லை. ஆனால் யாரும் அறியாமல் கிடந்த எட்டுப் பழைய விமானச் சிதைவுகளைக் கண்டார்கள். ஓராண்டு கழித்து, கலிபோர்னியாவின் மாமத் லேக்ஸ் அருகே மலையேறிய ஒருவர் கண்ணில் ஃபாசெட்டின் அடையாள அட்டைகள் பட்டன. கிளம்பிய இடத்திலிருந்து வெறும் 100 கிலோமீட்டர் சொச்சம்தான். மலைச்சரிவில் கீழ்நோக்கி அழுத்திய காற்றின் வேகம், அந்த விமானத்தின் ஏறும் திறனைவிட அதிகமாக இருந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு, தனியார் விமானம் அல்ல என்றாலும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32-ஐ வங்கக்கடல் ஏழரை ஆண்டு வைத்திருந்தது. 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது.

1978-இல் விபத்தில் தானே ஒலிக்கும் அவசரச் சைகைக் கருவிகள் இருந்தன. வானிலிருந்து கேட்கச் செயற்கைக்கோள் இல்லை. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1982-இல்தான் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் மூவரைக் காப்பாற்றியது. இன்று 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவி, ஜிபிஎஸ் இருந்தால் தன் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். ஆனால் வானொலி அலை கடல்நீரை ஊடுருவாது. மோதலில் ஆன்டெனா முறிந்தாலும் கருவி ஊமைதான். அதனால்தான் விழுந்தபின் கத்தும் கருவியைவிட, பறக்கும்போதே விநாடிக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும் ஏடிஎஸ்-பி போன்ற முறைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். வாலண்டிச்சின் விமானத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால், அந்த ஆறு நிமிடத்தில் அவர் நேராகப் பறந்தாரா வட்டமடித்தாரா என்பது அன்றிரவே தெரிந்திருக்கும்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறை, காரணம் தீர்மானிக்க முடியவில்லை, உயிரிழப்பு நேர்ந்ததாகக் கருத வேண்டும் என்று கோப்பை மூடியது. பாஸ் நீரிணையின் சராசரி ஆழம் 60 மீட்டர்தான். எஞ்சின் அங்கே எங்கோ மணலில் கிடக்கும். அது கிடைத்தால் பல கேள்விகளுக்கு விடை உண்டு. உந்துசுழலியின் இதழ்கள் வளைந்த விதம், மோதியபோது எஞ்சின் ஓடியதா நின்றதா என்று சொல்லும். செயற்கை அடிவானக் கருவிக்குள் சுழலும் சக்கரம் மோதும் கணத்தில் தன் கூட்டில் கீறல் விட்டிருந்தால், அது அதுவரை வேலை செய்தது என்று பொருள். இறக்கை நொறுங்கிய விதம் சாய்ந்து விழுந்ததா, தட்டையாக இறங்கியதா என்று காட்டும். கார்புரேட்டரில் பனி கட்டியிருந்ததா என்பதை மட்டும் எந்தச் சிதைவும் சொல்லாது. அது அன்றே உருகியிருக்கும்.